ஒரு வரி மாற்றத்துக்குப் பதினோரு நாள்

பெரிய சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்த இரண்டாவது மாதம் எனக்குக் கொடுத்த வேலை மிகச் சிறியது. எங்கள் சர்வர் இன்னொரு குழுவின் சர்வருக்குப் பதில் சொல்ல அதிகபட்சம் 30 விநாடி எடுத்துக்கொள்ளலாம் என்று நிரலில் இருந்தது. அதை 10 விநாடி ஆக்க வேண்டும். 30 என்ற எண்ணை அழித்துவிட்டு 10 என்று எழுதினால் போதும். காலை பத்து மணிக்கு எழுதிவிட்டேன். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த 10 என்ற எண் பயனர்களைப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு வேலை நாட்கள் கழிந்திருந்தன.

முதல் இரண்டு நாள் கோட் ரிவியூவில், அதாவது எழுதிய நிரலை இன்னொருவர் படித்து ஒப்புதல் தருவதில், போனது. மூத்த பொறியாளர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "10 என்ற எண் எங்கிருந்து வந்தது?" என்னிடம் பதில் இல்லை. மேலாளர் சொன்னார், மாற்றினேன். கடந்த மாதம் வந்த கோரிக்கைகளில் 10 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டவை எத்தனை என்று பார்க்கச் சொன்னார் அந்தப் பொறியாளர். ஆயிரத்துக்கு இரண்டுதான் தேறியது. ஆனால் அந்த இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை; அந்தக் குழு மாதக் கடைசி இரவில் கணக்கு முடிக்க ஓட்டும் நிரல் அது. நான் பாட்டுக்கு மாற்றியிருந்தால் அன்றிரவு அவர்களின் வேலை அப்படியே நின்றிருக்கும். அவர்களுக்கு எழுதி, அவர்கள் தங்கள் பக்கத்தைச் சரிசெய்து முடிக்க நான்கு நாள். யாரோ எழுதிய, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தானியங்கிச் சோதனை தோற்றுக்கொண்டே இருந்ததில் ஒரு நாள். வெள்ளிக்கிழமை எதையும் வெளியிடக் கூடாது என்ற விதியால் ஒரு நாள். பிறகு நூறு சர்வருக்கு ஒன்று, நூற்றுக்குப் பத்து, கடைசியில் எல்லாம் என்று படிப்படியாக வெளியிட மூன்று நாள்.

பெரிய நிறுவனத்தில் சேரலாமா என்று யாராவது கேட்டால் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். சிலர் பதினோரு நாளைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். சிலர் கணக்கு முடிக்கும் நிரலைப் பற்றிக் கேட்டதும் "நல்லவேளை" என்பார்கள். அவர்கள் எந்த இடத்தில் வாய் திறந்தார்கள் என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

பெரிய நிறுவனத்தில் சேர்வதற்கு முன் நான்கு ஆண்டுகள் பதினான்கு பேர் கொண்ட ஒரு நிறுவனத்தில் இருந்தேன். அங்கே நான்தான் நிரல் எழுதுபவன், நான்தான் சோதிப்பவன், சர்வர் நின்றால் எழுந்து ஓடுபவனும் நான்தான். ஒருநாள் மாலை ஒரு வாடிக்கையாளரின் முகவரியைத் திருத்த நேரடியாகத் தரவுத்தளத்தில் கட்டளை எழுதினேன். யாருடைய முகவரி என்ற நிபந்தனையை எழுத மறந்துவிட்டேன். என்டர் விசையைத் தட்டியதும், "ஒரு வரி மாற்றப்பட்டது" என்று வரவேண்டிய இடத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. எங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் ஒரே வீட்டில் குடியேறிவிட்டார்கள். முந்தைய இரவு எடுத்த காப்பு நகலிலிருந்து மீட்டு முடிக்க விடிகாலை நான்கு மணி ஆனது. முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "இனிமேல் யாரும் தரவுத்தளத்தை நேரடியாகத் தொடக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரமே அவர் தொட்டார் என்பது வேறு கதை.

பெரிய நிறுவனத்திலும் நான் அதே தரத்தில் ஒரு தவறு செய்தேன். சேவை எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பில் ஒரு எண்ணின் அலகைக் குழப்பி, மில்லிவிநாடியில் எழுத வேண்டிய இடத்தில் விநாடி என்று நினைத்து எழுதிவிட்டேன். அது நூற்றில் ஒரு சர்வருக்குப் போனதும் பிழைகள் கூடுவதைக் கண்காணிப்பு நிரல் கண்டுபிடித்து, தானாகவே பழைய நிலைக்குத் திருப்பிவிட்டது. விஷயம் எனக்குத் தெரிய வந்ததே மின்னஞ்சல் பார்த்துத்தான். பிறகு எழுதிய விசாரணை அறிக்கையில் என் பெயர் இல்லை, "பொறியாளர் ஒருவர்" என்று மட்டும் இருந்தது. அலகு இல்லாத எண்ணை எழுத அந்தக் கோப்பு ஏன் அனுமதித்தது என்பதைத்தான் அறிக்கை கேட்டது. இரண்டு வாரத்தில் அந்தக் கோப்பு அலகு இல்லாத எண்களை ஏற்க மறுத்தது.

இது எங்கள் இடத்தின் தனிப் பெருமை அல்ல. 2017 பிப்ரவரி 28-ஆம் தேதி அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை சில மணி நேரம் முடங்கியது. சில சர்வர்களை மட்டும் நீக்க வேண்டிய கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாகத் தட்டச்சாகி, எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டன. அமேசான் வெளியிட்ட விளக்கத்தில் அந்த ஊழியரைத் தேடும் வேலையே இல்லை. சர்வர்களை மெதுவாக மட்டுமே நீக்கும்படியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாதபடியும் கருவியை மாற்றியதாக எழுதியிருந்தார்கள். அதை வாசித்தபோது என் ஒன்பதாயிரம் வாடிக்கையாளர்கள் நினைவுக்கு வந்தார்கள். தவறு செய்யாதவர்களைத் தேடிப் பிடிப்பதைவிடத் தவறைத் தாங்கும் கருவியைச் செய்வது லாபம் என்பது பெரிய இடங்களுக்குப் பழகிவிட்ட கணக்கு. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய நிறுவனத்தில் கிடைக்கும் முதல் தரமான படிப்பு. சின்ன நிறுவனம் இதைச் செய்யக் கூடாது என்றில்லை. நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லாப் இன்னும் சின்ன நிறுவனமாக இருந்தபோது, அதே 2017 ஜனவரி 31-ஆம் தேதி, அவர்களுடைய தரவுத்தளம் கைதவறி அழிக்கப்பட்டது. பல வகைக் காப்பு நகல்கள் இருந்தும் ஒன்றும் சரியாக வேலை செய்யாமல், ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஒரு பிரதியிலிருந்து மீண்டார்கள். ஆனால் மீட்புப் பணியை ஒளிக்காமல் நேரலையில் காட்டினார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்தது அன்றுதான்.

இரண்டாவது படிப்பு, பெரிய எண்களோடு பழகுவது. பதினான்கு பேர் நிறுவனத்தில் "கோடியில் ஒருமுறை நடக்கலாம்" என்று சொன்னால், நடக்காது என்று பொருள். ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி கோரிக்கைகள் வரும் சேவையில் அது தினமும் ஆயிரம் முறை நடக்கும், காலை நான் உட்காருவதற்குள் முந்நூறு முறை நடந்திருக்கும். இதைப் புத்தகத்தில் படித்தால் தலை ஆட்டிவிட்டுப் போய்விடுவோம். அந்த ஆயிரம் பேரில் ஒருவர் எழுதும் புகாரைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் தேடும்போதுதான் உடம்பில் ஏறும்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இனி வலித்த இடங்களுக்கு வருகிறேன்.

ஐந்தாவது ஆண்டில் வேறொரு நிறுவனத்துக்கு நேர்முகத்தேர்வுக்குப் போனேன். மென்பொருளால் உருவாக்கிய, தனிக் கணினி போன்ற வெறும் மெய்நிகர் இயந்திரம் ஒன்றைக் கொடுத்து, சின்னச் சேவை ஒன்றை எழுதி, வெளியுலகுக்குத் திறந்துவிட்டு, அது விழுந்தால் தெரியும்படி செய்யச் சொன்னார்கள். நிரலைச் சட்டென்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு கை ஓடவில்லை. எங்கள் இடத்தில் நிரலைச் சேர்த்துக் கட்டுவதற்கு ஒரு கருவி, வெளியிடுவதற்கு ஒன்று, கண்காணிப்பதற்கு ஒன்று. எல்லாமே நிறுவனத்துக்குள்ளேயே செய்தவை, எல்லாமே அருமையானவை, வெளியே ஒன்றின் பெயரும் யாருக்கும் தெரியாது. பதினான்கு பேர் நிறுவனத்தில் தூக்கத்தில்கூடச் செய்திருப்பேன் என்ற வேலையை, எதிரே இரண்டு பேர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க, தடவித் தடவிச் செய்தேன். ஐந்து ஆண்டுகளில் கற்றதில் பாதி, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அதோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்று அன்று புரிந்தது.

பெரிய இடங்களின் இயல்பே அப்படி. 2015 ஜனவரி நிலவரப்படி கூகிளின் ஒரே நிரல் களஞ்சியத்தில் ஏறத்தாழ 200 கோடி வரிகள் இருந்ததாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு வெளியில் கிடைக்கும் கருவிகள் தாங்காது, சொந்தமாகத்தான் செய்துகொள்ள வேண்டும். சிலவேளை உள்ளே இருப்பது வெளியேயும் வரும். பல சர்வர்களில் நிரல்களைப் பங்கிட்டு இயக்கும் போர்க் என்ற கூகிளின் உள் அமைப்பில் கற்ற பாடங்களிலிருந்து 2014-இல் அதே வேலைக்கான குபர்நெட்டிஸ் வந்தது, நிரலைச் சேர்த்துக் கட்டும் பிளேஸ் என்ற கருவி 2015-இல் பேசல் என்ற பெயரில் வெளிவந்தது. அந்த மாதிரி அமைந்தால் அதிர்ஷ்டம். அமையாதவர்களுக்கு என் ஆலோசனை: ஒவ்வொரு உள் கருவியையும் பயன்படுத்தத் தொடங்கும் நாளிலேயே, வெளியே இதே வேலையை எது செய்கிறது என்று கேட்டு, அதைச் சொந்தக் கணினியில் ஒருமுறையாவது இயக்கிப் பாருங்கள். நேர்முகத்தேர்வில் தோற்ற பிறகு நான் மாதம் ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்கினேன். ஆனால் அதற்கு முன் உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே எழுதும் நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சொல்லும் ஒப்பந்தங்கள் உண்டு. நான் சேர்ந்தபோது பதினெட்டுப் பக்கத்தில் கையெழுத்து மட்டும்தான் போட்டிருந்தேன்.

அடுத்தது, மேலாளர்கள். சேரும்போது நிறுவனத்தின் பெயரைப் பார்த்துச் சேருகிறோம். ஆனால் தினமும் வேலை செய்வது எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவில், ஒரு மேலாளரின் கீழ். நிறுவனத்தில் முப்பதாயிரம் பேர் இருந்தாலும் நம் நாளை நல்ல நாளாகவோ கெட்ட நாளாகவோ ஆக்குவது அந்த எட்டுப் பேர்தான். ஒரு கட்டத்தில் பதினெட்டு மாதத்தில் எனக்கு மூன்று மேலாளர்கள். மறுசீரமைப்பு என்று ஒரு வரைபடம் மின்னஞ்சலில் வரும், நம் பெட்டியை வேறொரு கோட்டின் கீழ் இழுத்து ஒட்டியிருப்பார்கள். புதியவர் வருவார், நல்லவராகத்தான் இருப்பார், "இதுவரை என்னென்ன செய்திருக்கிறீர்கள், சொல்லுங்கள்" என்பார். பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்க வேண்டும். நிறுவனம் எப்படிப் பேசிக்கொள்கிறதோ அந்த வடிவத்தில்தான் அதன் மென்பொருளும் அமையும் என்று மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968-இலேயே எழுதிவிட்டார். பெட்டிகள் இடம் மாறும்போதெல்லாம், முந்தைய வரைபடத்துக்கு ஏற்ப எழுதிய நிரலைப் புதிய வரைபடத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டும் வேலை நம் தலையில் விழும். என் ஏழு ஆண்டுகளில் ஒன்றரை ஆண்டாவது இந்த வெட்டி ஒட்டலுக்கே போயிருக்கும்.

மூன்றாம் ஆண்டு பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தேன். பழைய சேமிப்பு அமைப்பிலிருந்து புதியதற்கு ஒரு பைட் தரவும் தொலையாமல், ஒரு நிமிடமும் சேவை நிற்காமல் மாற்றிக் கொடுத்திருந்தேன். கிடைக்கவில்லை. என்னை நேரில் அறியாத ஐந்து பேர் கொண்ட குழு, "விளைவு தெளிவாக இல்லை" என்று எழுதியிருந்தது. எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டதுதானே ஐயா விளைவு என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விண்ணப்பத்தை எடுத்து மறுபடி படித்தேன். பழைய அமைப்பு ஆண்டுக்கு எத்தனை முறை விழுந்தது, மாற்றிய பிறகு எத்தனை முறை என்று ஓர் இடத்திலும் நான் எழுதவில்லை. மாற்றுவதற்கு முன் நான் எண்ணியே வைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எழுதினேன். என்ன செய்தேன், முன்பு எத்தனை, இப்போது எத்தனை, யாருக்கு உதவியது, யார் நன்றி சொன்னார்கள். தன்னைத்தானே புகழ்ந்துகொள்வது போலக் கூச்சமாகத்தான் இருந்தது. அடுத்த முறை விண்ணப்பம் எழுத அரை நாள்தான் ஆனது, பதவி உயர்வும் கிடைத்தது. இதில் எனக்கு முழு மனநிறைவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் வராத வேலையைத் தொடாமலே தள்ளிப்போடும் பழக்கம் எனக்கும் மெல்ல ஒட்டிக்கொண்டது. குழப்பமான பழைய நிரலைச் சுத்தம் செய்வது, புதிதாக வந்தவருடன் உட்கார்ந்து பேசுவது இரண்டும் குறைந்தன. சகஊழியர்களில் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று கட்டாயமாக ஒரு வளைகோட்டில் வரிசைப்படுத்தும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் கைவிட்டது. அந்த முறையில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு உதவுவதே நமக்கு நஷ்டமாகிவிடும். அப்படிப்பட்ட விதி எதுவும் எங்கள் இடத்தில் இல்லை. விதி இல்லாமலே நான் பாதி அப்படி மாறியிருந்தேன்.

பதினான்கு மாதம் உழைத்த ஒரு திட்டம் இருபது நிமிடக் கூட்டத்தில் மூடப்பட்டதும் உண்டு. அதைப் பற்றிப் புலம்ப விருப்பமில்லை. இப்போது ஒரு திட்டத்தில் சேரும் முன், இது நாளை மூடப்பட்டால் யார் சண்டைக்கு வருவார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் சொல்லும்படி ஒருவரும் தோன்றாவிட்டால் தள்ளி நிற்கிறேன்.

பணம். சின்ன நிறுவனத்தைவிட மிக அதிகம், அதை மறைத்துப் பேசுவது போலித்தனம். ஆனால் அதில் பெரும்பகுதி நிறுவனத்தின் பங்காக வரும். நான்கு ஆண்டுகளில் பிரித்துக் கொடுப்பதும், முதல் ஆண்டு முடியும் முன் கிளம்பினால் ஒன்றுமே இல்லை என்பதும் பரவலான ஏற்பாடு. சேரும்போது காட்டிய மொத்தத் தொகை அன்றைய பங்கு விலையில் போட்ட கணக்கு. இரண்டாம் ஆண்டில் என் பங்கின் விலை பாதியானது. நானோ அதைச் சம்பளம் என்றே நினைத்துக் கடன் தவணை போட்டிருந்தேன். அதற்குப் பிறகு மாதச் செலவை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடக்கிக்கொண்டேன், பங்கு கைக்கு வந்த அன்றே விற்று வேறு இடத்தில் போட்டேன். சம்பளமும் சேமிப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கூரை விழும்போது இரண்டும் சேர்ந்து விழும். 2022-இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்கு விலை 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது, அதே ஆண்டு நவம்பரில் 11,000-க்கும் அதிகமானோரை அந்த நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. அடுத்த ஜனவரியில் கூகிள் 12,000 பேர், மைக்ரோசாஃப்ட் 10,000 பேர், அமேசான் 18,000 பேர் என்று அறிவித்தன. பெரிய நிறுவனம் என்றால் நிரந்தரம் என்ற நம்பிக்கை எனக்கு முடிந்துபோனது அந்தக் குளிர்காலத்தில்தான்.

எங்கள் இடத்திலும் ஆட்குறைப்பு நடந்தது. நான் தப்பினேன், எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தவர் தப்பவில்லை. ஒன்பது ஆண்டுகளாக இருந்தவர். அந்த "10 எங்கிருந்து வந்தது" கேள்வியைக் கேட்டவர் அவர்தான். காலையில் அரட்டைச் சாளரத்தில் அவர் பெயர் சாம்பல் நிறமாகியிருந்தது. முந்தைய மாலை அவர் என் நிரலுக்கு எழுதிய குறிப்பு அப்படியே நின்றது: "மீதியை நாளை பார்க்கிறேன்." அந்த நிரலுக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் பட்டியலில் இன்னும் அவர் பெயர்தான் இருந்தது. அதை நீக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது.

இப்போது இளையவர்கள் கேட்டால், நேர்முகத்தேர்வின் கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா" என்பார்கள் அல்லவா, அந்த ஐந்து நிமிடத்தை வீணாக்காதீர்கள் என்கிறேன். நிறுவனக் கலாசாரம் எப்படி என்று கேட்டால் விளம்பர வாசகம்தான் பதிலாக வரும். ஒரு வரி மாற்றம் பயனரை அடைய எத்தனை நாள் ஆகும், அந்த நாட்கள் எதில் போகின்றன என்று கேளுங்கள். போன முறை ஆன்-கால் பொறுப்பில், அதாவது சேவை விழுந்தால் எந்நேரமும் எழுந்து கவனிக்கும் முறைவேலையில், இருந்த வாரம் இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்று கேளுங்கள். இந்தக் குழுவுக்குக் கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை மேலாளர்கள் என்பதும் கேட்கத் தகுந்தது. அந்தக் கேள்விக்கு ஒருமுறை எதிரே இருந்தவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார், நான் அங்கே சேரவில்லை. வேலைக்குப் புதியவர்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளைப் பெரிய இடத்தில் கழிப்பது நல்லது என்பதுதான் என் எண்ணம். ரிவியூ, சோதனை, அறிக்கை எல்லாம் ஒழுங்காக நடப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் வாழ்நாளுக்கும் கண்ணில் நிற்கும். அதே இடத்தில் பத்து ஆண்டுகள் என்றால் யோசிப்பேன்.

ஏழாம் ஆண்டு முடிவில் நானே விலகினேன். இப்போது இருக்கும் இடத்தில் தொண்ணூறு பேர். ஒரு வரி மாற்றம் இங்கே இரண்டு நாள்.

கடைசி நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிக்கு என் கணக்கு மூடப்படும் என்று மின்னஞ்சல் வந்திருந்தது. நான்கரை மணிக்குத்தான் உறைத்தது: நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிய வெள்ளிக்கிழமைக் குறிப்புகள், இருநூறு வாரத்துக்குக் குறையாதவை, முழுக்க நிறுவனத்தின் ஆவணத் தொகுப்பில் இருந்தன. வெளியே எடுத்துச் செல்ல விதி அனுமதிக்கவில்லை, அது நியாயமான விதியும்கூட, அவற்றில் அவர்களுடைய எண்கள் இருந்தன. அரை மணி நேரம் திரையில் உருட்டிப் படித்துக்கொண்டே இருந்தேன். ஐந்து மணிக்குத் திரை கடவுச்சொல் கேட்டது.

வீட்டுக்கு வந்து காகித நோட்டு ஒன்றை எடுத்து, நிறுவனத்தின் ரகசியம் எதுவும் இல்லாமல், நான் கற்றது என்று நினைவில் நின்றதை மட்டும் எழுதிப் பார்த்தேன். இருநூறு வாரத்துக்கு முப்பத்தெட்டு வரி தேறியது. முதல் வரி: "இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேள்."